கை எடுத்தால் போகலாம்

சென் வீட்டுத் தாய்ச்சிச் சண்டை வித்தையை மகளுக்குச் சொல்லித்தர மாட்டார்கள்; கட்டிக்கொண்டு போய்விடுவாளாம். மருமகளுக்குத் தருவார்கள், அவள் எங்கே போகப்போகிறாள்? அப்படித்தான் ரூயிக்கும் அவள் புருஷன் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தான். கொடுத்த கையோடு மஞ்சள் நதி வெள்ளத்தில் போய்ச்சேர்ந்தான். வித்தை அவள் உடம்பில் தங்கிவிட்டது. அவளைக் கட்டிப்போட மாமனாருக்கு அது போதாதா?

வாசலில் லூ பிங் டிராக்டரோடு நிற்கிறான். டவுனில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவன். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுபவன். கூப்பிட வருவது இதுதான் கடைசித் தடவை என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறான். முற்றத்தில் மாமனார் குவாங்லெய் வழிமறித்து நிற்கிறார்.

"நம்ம வழக்கம் தெரியுமில்ல? என் கைமேல கை வை. அதை எடுத்துட்டுப் போக முடிஞ்சா தாராளமா போ."

"முடியலைன்னா?"

"அடுப்புல கஞ்சி இருக்கு. போய்க் கிண்டு."

மணிக்கட்டும் மணிக்கட்டும் ஒட்டின. எதிர்த்து முட்டாதே, ஒட்டியதை விடாதே. இந்த வித்தையின் உயிரே அதுதான். கிழவர் அதைக் கரைத்துக் குடித்தவர். இழுத்தால் கூடவே வந்தார். தள்ளினால் அங்கே ஆளே இல்லை. சுற்றினாள், அவரும் சுற்றினார். அவளுக்கு மூச்சு முட்டியது, அழுகை வந்தது.

"பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது. விட்டுடுங்க மாமா."

"எலிக்கு நூடுல்ஸ் கேக்குதாக்கும்."

வெளியே டிராக்டர் உறுமியது. ரூயி இழுப்பதை நிறுத்திவிட்டுக் கையைத் தளர்த்தினாள்.

"உங்க மகன் இருந்தா என்னை இப்படி நிக்க வச்சிருப்பாரா?"

கேட்டதுதான் தாமதம். "அவன் பேரை எடுக்காதே" என்று கிழவர் முழு உடம்போடும் தள்ளினார். ஆயுசில் ஒருநாளும் அவர் செய்யாத தப்பு அது. ரூயி இடுப்பைத் திருப்பி வழிவிட்டாள். அவர் பாரமே அவரை இழுத்துக்கொண்டு போயிற்று, நேரே மாவரைக்கும் கல்லை நோக்கி. இப்போது கையை எடுத்தால் போதும், அவளுக்கு விடுதலை.

அவள் எடுக்கவில்லை. கல்லுக்கு ஒரு சாண் முன்னால் அவரைப் பிடித்து நிறுத்தினாள்.

நரைத்த தலை கல்லருகே தொங்கியது. கிழவர் மூச்சு வாங்கினார். இனியாவது போகச் சொல்வார் என்று காத்திருந்தாள், பைத்தியக்காரி.

"கை இன்னும் ஒட்டித்தான் இருக்கு," என்றார் அவர்.

ரூயி பார்த்தாள். ஒட்டித்தான் இருந்தது. அந்தக் கையை வெட்டிப்போடலாம் போலிருந்தது அவளுக்கு. டிராக்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. அடுப்பிலிருந்து அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவள் போய்க் கஞ்சியைக் கிண்டினாள்.