வாசலுக்குப் பதினேழு மைல்

டெல்பர்ட் ஹனிகட்டின் வீடு சாலையை விட்டு விலகத் தொடங்கியது ஒரு மார்ச் மாதத்தில், பனி உருகி முடிந்த வாரம். அவர் மனைவி நடீன் சாலையோரத்தில் நட்டிருந்த தங்கள் தபால் பெட்டி வரை போய்த் திரும்புவதற்குள் அடுப்பில் வைத்த காப்பி சுண்டிக் கரிந்துபோயிற்று. முதலில் தன் முழங்காலைத்தான் அவள் குறை சொன்னாள். ஈஸ்டர் வந்தபோது தார்ச்சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே கிடந்த சரளைப் பாதை இரண்டு மைலாகியிருந்தது. வேலி நகரவில்லை. பக்கத்து வயலில் ஒரு முழம்கூடக் குறையவில்லை. பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானக்காரர் மேலிருந்து பார்த்தபோது, வீடு அறுபது வருடமாக நின்ற இடத்திலேயேதான் நின்றது. தரையில் போகிறவர்களுக்குத்தான் அந்தத் தூரம். குறுக்கே கோதுமைக்குள் இறங்கி நடந்து பார்த்தவர்களும் அதே இரண்டு மைலை நடந்துதான் படியேறினார்கள்.

கான்சஸின் மேற்கோரத்தில், ப்ரூவெட் மாவட்டத்தில், அந்தக் கோடைக்குள் இன்னும் பல வீடுகள் விலகின. டெல்பர்ட்டுக்குச் சிறுநீரக அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இன்னொரு வீட்டில் அறுவடை இயந்திரத்துக்குத் தவணை நின்றிருந்தது. வேறொரு வீட்டில் கணவன் வேலை பார்த்த இறைச்சிக்கூடம் மூடியிருந்தது. எது எதனால் விலகுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தலையணையிடம்கூடக் காசைப் பற்றிப் பேசாத மனிதர்கள் அவர்கள். கேட்டால், "இப்ப நாங்க கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கோம்" என்பார்கள், ஏதோ காற்றுக்காகப் போய்க் குடியேறியதுபோல.

உதவிப் பணம் கொடுப்பதற்கு முன், எந்தக் குடும்பம் எவ்வளவு நொடித்திருக்கிறது என்று மாநில அரசுக்குத் தெரிய வேண்டியிருந்தது. லைல் ப்ரெஸ்காட் என்ற பல்கலைக்கழக ஆய்வாளர் கேள்விகளோடு வந்தார். திடீர்ச் செலவு வந்தால் சமாளிப்பீர்களா, மருந்து வாங்காமல் விட்டதுண்டா என்று கேட்டார். அத்தனை வீட்டிலும் ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டிக் கொடுத்து, "நல்லாத்தான் இருக்கோம்" என்று அனுப்பிவைத்தார்கள். ஒரு வீட்டுக்குத் தபால் பெட்டியிலிருந்து வாசலுக்குப் போக அவருக்கு அரைமணி நேரம் ஆனது. அந்த வீட்டு அம்மாளும் அதையேதான் சொன்னாள். ப்ரெஸ்காட் கேள்வித்தாள்களைத் தூக்கி வண்டியின் பின்னால் போட்டுவிட்டு, நேராக மாவட்ட அலுவலகத்துக்கு வந்து, பாதைகளை அளக்க ஓர் ஆள் வேண்டுமென்றார்.

ஆர்டித் க்ரோகருக்கு அந்த வேலை வந்தது. சொத்துவரிப் பிரிவில் இருபது வருடமாக இருந்தவள், ஒவ்வொரு வீட்டுக்கும் வழி தெரிந்தவள், அவ்வளவுதான் காரணம். அலுவலகத்தின் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு, தபால் பெட்டியருகே மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, வாசல் வரை ஓட்டி, காட்டும் மைலைக் குறிக்க வேண்டும்.

முதல் மாதத்திலேயே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நீண்ட பாதைகளின் நடுவில் ஓரிடம் வரும். பின்னால் சாலை தெரியாது, முன்னால் வீடும் தெரியாது. ரேடியோ கரகரத்து அடங்கிவிடும். இருபுறமும் கோதுமை ஒரே மாதிரி சாய்ந்து நிமிரும். வீடு இனி இல்லை, அதற்குள் இருந்தவர்களும் இல்லை, தனக்கும் திரும்பிப் போக இடமில்லை என்று அங்கே தோன்றும். நாக்கு ஒட்டிக்கொள்ளும். வண்டியில் எப்போதும் தண்ணீரும் ஒரு கேன் பெட்ரோலும் வைத்துக்கொண்டாள். கடைசியில் வீடு வரும்போது உள்ளிருப்பவர்கள் வண்டிச் சத்தம் கேட்டே வெளியே நிற்பார்கள். கைகுலுக்கப் பிடித்த கையை விட மாட்டார்கள்.

ஆகஸ்டில் எல்வுட் ஃபாஸ் என்ற கிழவருக்கு நெஞ்சுவலி கண்டது. ஆம்புலன்ஸ் அவர் பாதையில் போய்க்கொண்டே இருந்தது. பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்கியதும், விலாசம் தப்பு என்று நினைத்துத் திரும்பிவிட்டது. அவர் மனைவி வாசலில் நின்று, சிவப்பு விளக்கு பெரிதாகி வருவதையும், நின்றதையும், பிறகு சிறிதாகிப் போனதையும் பார்த்தாள். அதன்பிறகு மாவட்டத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

நவம்பரில் ஆர்டித் ஹனிகட் வீட்டை மறுபடி அளக்கப் போனாள். நடீன் அவளுடைய பள்ளித்தோழி. வண்டியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள்.

"எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தொண்ணு."

"இருபதுன்னு போட்டுக்கோடி. முப்பதைத் தாண்டினா பேங்க்ல மொத்தக் கடனையும் ஒரே தடவையா கட்டச் சொல்றாங்களாம். இந்த நம்பரெல்லாம் எப்படியோ அவங்க கைக்குப் போயிடுது."

"பொய் எழுத முடியாது நடீன். கூடுதலா இருந்தாத்தானே உதவி வரும்?"

"வரும்ங்கிறே?"

"வரும்னுதான் சொல்றாங்க."

நடீன் ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "சரி, நீ இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரு" என்றாள்.

ஆர்டித் முப்பத்தொன்று என்று எழுதினாள். ஜனவரியில் ஹனிகட் வீட்டு விளக்கு யார் கண்ணுக்கும் தெரியாமல் போயிற்று. தபால் பெட்டியில் விழுந்த கடிதங்கள் மட்டும் அவ்வப்போது எடுக்கப்பட்டிருந்தன. எப்போது, யார் எடுத்தார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஆர்டித் ஒரு ஞாயிறன்று இரண்டு கேன் பெட்ரோலோடு அந்தப் பாதையில் போனாள். முதல் கேன் தீர்ந்த இடத்திலும் வீடு தெரியவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து தன் வீட்டுப் பாதைக்குள் திரும்பினாள். கால் மைல் தூரம். ரேடியோவில் பாட்டுத் தொடங்கினால் பல்லவி முடிவதற்குள் வாசலில் நிறுத்திவிடுவாள். அன்று பாட்டு முடிந்தது. விதைக் கம்பெனி விளம்பரம் முடிந்தது. நாளை காற்றடிக்கும் என்று வானிலை சொல்லி முடித்தார்கள். அவள் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.  மீட்டரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அவள் கணவன் ராய்ஸ், சரளைக்கல் லாரி ஓட்டுகிறவன், மேஜையில் உருளைக்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"ராய்ஸ், என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"உக்காரு, ஆறிடும்."

"பாதை மூணு மைல் இருக்கு. நான் ஒண்ணும் பண்ணலை. அப்ப நீதான்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "லாரி இன்ஜின் போன வருஷமே போயிடுச்சு. வீட்டு மேல கடன் வாங்கி மாத்தினேன். அதைக் கட்டுறதுக்கு இன்னொண்ணு வாங்கினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்ல? ஊர்ப் பாதையெல்லாம் அளக்கிறவ நீ. உன் பாதையை நானே நீட்டிட்டேன்னு எந்த வாயால சொல்ல?"

அவள் சாப்பிடவில்லை. அவனும் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் அலுவலகத்தில் தன் வீட்டுக்கு எதிரே கால் மைல் என்று எழுதினாள். நடீனுக்கு எழுத மறுத்ததைத் தனக்கு எழுதிக்கொண்டாள். பாதை அதைப் பொருட்படுத்தவில்லை. மே மாதத்தில் பத்தைத் தாண்டியது. அவள் விருந்தாளிகளை வர வேண்டாமென்றாள். ஞாயிறு தேவாலயத்துக்கு விடியுமுன் கிளம்பி, எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்து, பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று நினைக்க வைத்தாள்.

ஜூன் மாதம் கோதுமை அறுவடையின் நடுவில், நண்பகலில், ராய்ஸ் சமையலறைத் தரையில் விழுந்தான். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தான். ஆர்டித் அவசர எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்தவள் ட்வைலா, மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெண்.

"பயப்படாதீங்க ஆர்டித். உங்க வீடு கால் மைல்தானே? ஆம்புலன்ஸை எடுத்துக்கிட்டு கோய் இப்ப வந்துடுவான்."

ஆர்டித் கண்ணை மூடிக்கொண்டாள். எல்வுட் ஃபாஸின் மனைவி வாசலில் நின்றது நினைவில் வந்தது.

"கால் மைல் இல்லை ட்வைலா. பதினேழு."

அவள் போனோடு ராய்ஸின் அருகில் மண்டியிட்டாள்.

"நான் எழுதினது பொய். கோய் பாதியில திரும்பிடுவான். எல்லாருக்கும் சொல்லு. பாதை நெடுக வண்டியை நிறுத்தணும். ஒரு வண்டியிலேர்ந்து பார்த்தா அடுத்த வண்டி தெரியணும். பதினேழுன்னே சொல்லு, குறைச்சுச் சொல்லாதே."

ட்வைலா அதை அறுவடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் சொன்னாள். மாவட்டம் முழுக்க இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, பாதி வயல் அறுபடாமல் நின்றது. மேற்கே வானம் கரும்பச்சையாகத் திரண்டிருந்தது. அந்த நிறத்துக்குப் பெயர் ஆலங்கட்டி மழை என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். கஸ் மாடர்ன் என்று ஒரு கஞ்சன் இருந்தான். தன் அம்மா செத்த அன்றும் சாயங்காலம் வரை அறுத்தவன் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். அவன்தான் ரேடியோவில் முதலில் வாய் திறந்தான்.

"பதினேழா? அளக்கிற அம்மாவுக்கேவா? அட, அப்ப நானெல்லாம் ரோட்டு மேலயே படுத்திருக்கேன்டா!"

சிரித்துவிட்டு, மேகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்தி இறங்கினான். மற்றவர்களும் இறங்கினார்கள்.

ஆர்டித் வாசலுக்கும் சமையலறைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். மேகம் சூரியனை மூடியதும் தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. பிறகு ஒன்று, பிறகு ஒன்று. தானிய லாரிகள், பிக்கப்புகள், தேவாலயத்து வேன் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றும் நின்று, பின்னால் வந்ததை முன்னே அனுப்பியது. விளக்குகள் வீட்டை நோக்கி நீண்டன. பிறகு நின்றுவிட்டன. வண்டிகள் தீர்ந்துபோயிருந்தன. கடைசி விளக்கு அவள் வாசலிலிருந்து பார்க்கப் பொட்டுப்போல இருந்தது. காற்று புழுதியைக் கிளப்பியதும் அந்தப் பொட்டும் அணைந்தது.

அந்த இடைவெளியில் நிற்க அவளிடம் மட்டும்தான் வண்டி இருந்தது. ராய்ஸின் தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தாள்.

"விட்டுட்டுப் போறியா?" என்றான் அவன்.

"வந்துடுவேன்."

"வீடு இருக்குமா அதுவரைக்கும்?"

அவள் வெளியே ஓடினாள்.  வண்டியை எடுத்தாள். கண்ணாடியில் பின்னால் பார்க்கக் கூடாது என்று பற்களைக் கடித்துக்கொண்டாள். பார்த்தால் வீடு சிறிதாகும், சிறிதானால் இல்லாமல் போகும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. முதல் ஆலங்கட்டி விழுந்து முன்கண்ணாடி விரிசல் விட்டது. புழுதிக்குள் கடைசி லாரியின் மஞ்சள் விளக்கு தெரிந்த இடத்தில் நிறுத்தி, தன் விளக்குகளைப் போட்டாள். பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பவேயில்லை. மழையும் கல்லும் கூரையில் கொட்டின. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று அவளால் பின்னாளில் சொல்ல முடியவில்லை. சிவப்பு விளக்கு ஒவ்வொரு வண்டியாகத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் வேகம் குறைத்தது.

"இனிமே ஒண்ணும் தெரியலையே! வீடு எங்க?" என்று கத்தினான் கோய்.

"நேரா போ. தெரியலைன்னாலும் போ. நிக்காதே!"

அவன் போனான். அவள் ஆம்புலன்ஸின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு போனாள். வீடு இருந்தது. ராய்ஸ் கண் விழித்திருந்தான். ஆக்சிஜன் முகமூடி போட வந்த கோயிடம், "இவ்வளவு தூரம் வந்திருக்கே, காப்பி குடுக்கக்கூட ஆளில்லை, என் பொண்டாட்டி ரோட்டுல நிக்கிறா" என்றான்.

ராய்ஸ் பிழைத்தான். அந்த ஒரு மணி நேரத்தில் மாவட்டத்தில் அறுக்காமல் நின்ற கோதுமை முழுவதும் தரையோடு தரையாயிற்று. பாதையில் வந்து நின்றவர்கள் தொப்பலாக நனைந்து, அடிபட்ட வண்டிகளோடு திரும்பிப் போனார்கள். யாரும் யார்மேலும் குறைப்படவில்லை. இலையுதிர் காலத்தில் ஆர்டித் மறுபடி அளக்கக் கிளம்பியபோது, தன் பாதையிலிருந்து தொடங்கினாள், காட்டியதை எழுதினாள். அன்று வந்து நின்ற ஒவ்வொருவரின் பாதையும் நீண்டிருந்தது. கஸ் மாடர்ன் வாசலில் காத்திருந்தான்.

"என்ன காட்டுது?"

"ஒம்பது." அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கஸ், அன்னிக்கு நீங்க மட்டும் அறுத்திருந்தா..."

"ஒம்பதுதானே? இன்னும் உன்னோடதுல பாதி வழிதான்" என்றான். "வா, உள்ள வந்து ஏதாவது சாப்பிட்டுட்டுப் போ. இனி இவ்வளவு தூரம் யாரு வரப்போறா."

ஆண்டு முடிவில் எல்லா அளவுகளும் தலைநகரத்துக்குப் போயின. பணம் வரவில்லை. வெளிச்சம் பட்டால் மின்னும் கம்பங்கள் ஒரு லாரி நிறைய வந்தன. ஆட்கள் அவற்றைப் பாதைகளின் இருபுறமும் நட்டார்கள். ஹனிகட் பாதையில் கையிலிருந்த கம்பங்கள் தீரும் வரை நட்டுவிட்டு, அதற்கு மேல் போகத் துணியாமல் திரும்பினார்கள்.

இப்போது ப்ரூவெட்டில், சாயங்காலம் தானியக் கிடங்குக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் கூடுகிறவர்கள் முதலில் மழை எத்தனை அங்குலம் என்று சொல்கிறார்கள், பிறகு கோதுமை விலை, பிறகு அவரவர் வீட்டுத் தூரம். ஒருவர் நான்கு என்பார், ஒருவர் பன்னிரண்டு என்பார். குறைத்துச் சொல்கிறவர் இல்லை. போன வாரத்தைவிடக் கூடியிருந்தால் பக்கத்திலிருப்பவர் ஒரு கேன் பெட்ரோலை எடுத்துக் கொடுக்கிறார். ஆர்டித் பத்தொன்பது என்கிறாள். மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு, ராய்ஸின் மாத்திரைப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புகிறாள்.