துரைப் பதக்கத்தின் விளிம்பு

"அத்தை, அது விளிம்புல இருக்காம்!"

லீலா கத்திக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்த வேகத்தில், வீரம்மாள் மடியிலிருந்த தட்டு சாய்ந்து, உரித்த பூண்டெல்லாம் தரையில் உருண்டது.

"எதுடி விளிம்புல இருக்கு? ஞாயித்துக்கெழம ஒம் மக கல்யாணம். பந்தக்காரன் வரக் காணோம், பூக்காரன் போன எடுக்கல. நீ விளிம்பக் கண்டுபிடிச்சிட்டியாக்கும்!"

"தொரத் தாத்தாவோட நம்பரு அத்தை! பட்டாள நம்பரு!"

பூண்டு பொறுக்கிய கை நின்றது.

அயர்லாந்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சிப்பாயாக வந்து, பழனி மலையில் கவுஞ்சிக் கிராமத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, மலையை விட்டு இறங்காமலே மண்ணுக்குள் போன டெனிஸ் குயின்லன்தான் அந்தக் குடும்பத்தின் துரைத் தாத்தா. அவர் விட்டுப்போன சொத்து ஒரு வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் ராணியின் தலை. அதைச் சுற்றித் தங்கத்தில் கட்டுப் போட்டு, சங்கிலியில் கோத்து, அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்குக் கல்யாணத்தன்று கழுத்தில் போடுவார்கள். போடுவதற்கு முன் ராணியின் நெற்றியில் குங்குமம் வைத்துவிடுவார்கள்.

வீரம்மாள் கல்யாணத்தோடு அந்த வழக்கம் நின்றது. பந்தலில் அத்தனை பேர் நடுவில் நாத்தனார் கந்தம்மாள் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "பட்டாளத்த விட்டு ஓடியாந்தவன் சாமானாமே இது? எங்கூர்ல பேசிக்கிட்டாக" என்று சொல்லிச் சிரித்தாள். வீரம்மாள் அங்கேயே கழற்றிப் பெட்டியில் வைத்தாள். அண்ணன் மகள் லீலாவின் கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. இப்போது லீலாவின் மகள் புவனா அதைப் போட்டுக்கொண்டுதான் மணவறை ஏறுவேன் என்று நிற்கிறாள். "ஓடல்லேன்னு தெரியட்டும், போட்டுக்க. ஓடுனவன்னா, குளத்துல வீசிருவேன்" என்று வீரம்மாளும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து லீலாவுக்குக் கணினியே கதி. வம்சாவளி தேடுகிறவர்களுக்கான வலைத்தளங்களில் அயர்லாந்துக்காரர்களோடு மாறி மாறிக் கேள்வி பதில். கடைசியில் ஒரே பட்டாளப் பிரிவில், ஒரே காலத்தில், இரண்டு டெனிஸ் குயின்லன்கள் கிடைத்தார்கள். ஒருவன் திருச்சி முகாமிலிருந்து ஓடிப்போனவன். இன்னொருவர் முழுக் காலமும் இருந்து பென்ஷன் வாங்கியவர். பெயர் ஒன்று, எண்தான் வேறு. எந்த எண் நம் தாத்தாவுடையது?

"நம்பரும் பேரும் மெடலோட விளிம்புலதான் குத்துவாங்களாம் அத்தை. நாம என்ன செஞ்சு வெச்சிருக்கோம்? அந்த விளிம்பச் சுத்தித்தான் கட்டுப் போட்டு மூடிட்டோம்!"

வீரம்மாள் எழுந்தாள். "என் சால்வைய எடு."

மூஞ்சிக்கல் கடைத்தெருவில் காசிநாதன் ஆசாரியின் நகைக்கடைக்குள் புவனாவோடு மூவரும் நுழைந்தபோது, பின்னாலேயே மஞ்சுப் பனியும் நுழைந்தது. காசிநாதன் பதக்கத்தைக் கையில் வாங்கிப் புரட்டினார்.

"எங்க பாட்டன் போட்ட கட்டுல்ல இது! என்னா சுத்தமான வேல பாத்தீகளா? இத அறுக்கச் சொல்றீகளே, மனசு வருமா?"

"வர வைங்க ஆசாரி" என்றாள் லீலா.

"அறுக்கலாங்க்கா. ஆனா ஒண்ணு. கட்டுக்குள்ள சாமான் கச்சிதமா ஒக்காரணும்னா, அந்தக் காலத்துல மொதல்ல விளிம்புல அரம் போட்டு ராவிருவாக."

"அப்போ எழுத்து?" புவனாவின் குரல் ஏறியது.

"எழுத்தக் கண்டாரா எங்க பாட்டன்? மொரடா இருக்குன்னு தேச்சிருப்பாரு."

"ஒங்க பாட்டன எந்த எமன் அரம் போடச் சொன்னான்!" என்றாள் வீரம்மாள்.

"ஒங்க பாட்டன்தான் ஆத்தா. கூலியும் அவருதான் குடுத்திருப்பாரு."

சின்ன வாளால் ஆசாரி கட்டை அறுக்க ஆரம்பித்தார். லீலா தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்ததை மறுபடி பார்த்தாள். ஓடியவனுடைய எண் நான்கில் முடிகிறது. பென்ஷன்காரருடையது இரண்டில். தன் பாட்டுக்குச் சும்மா இருந்திருந்தால் ஊர்ப்பேச்சு ஊர்ப்பேச்சாகவே இருந்திருக்கும். நான்கு என்று வந்துவிட்டால்? அத்தை சொன்னதைச் செய்கிறவள். குளமும் நடந்துபோகிற தூரம்தான்.

கட்டு வளையம் விரிந்து மேசையில் விழுந்தது. விளிம்பெல்லாம் கறுத்த அழுக்கு. ஆசாரி சோப்புத் தண்ணீரில் முக்கி, பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, விளக்கடியில் மெதுவாகச் சுற்றினார்.

"எழுத்து கெடக்குக்கா! இந்தா... டி, ஈ..."

"பேரு வேணாம் ஆசாரி, பேரு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்! முன்னாடி பாருங்க, நம்பரு!"

"முன்னாடிதான் அரம் பட்டிருக்கு. வழவழன்னு போயிருச்சே."

"ஒண்ணுமே இல்லியா?"

"கடைசி ஒண்ணு லேசா... வளைஞ்சாப்ல..."

"மம்மி, தள்ளுங்க, நான் ஜூம் பண்றேன்!" புவனா செல்பேசியை நீட்டினாள். திரையில் கலங்கலாக ஒரு கீற்று. அவள் கிட்டே கொண்டுபோகப் போக எல்லாம் ஆடியது.

"ஆட்டாம பிடிடி!"

"நீங்க மூச்சு விடாம இருங்க ஃபர்ஸ்ட்!"

கீற்று தெளிந்தது. வளைந்து இறங்கிய கழுத்து, கீழே ஒரு படுக்கைக் கோடு.

"ரெண்டு!" லீலா போட்ட கூச்சலில் எதிர்க் கடை சாக்லேட்காரர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு அத்தை! நாலு இல்ல! பென்ஷன்காரரு! ஓடல்ல!"

வீரம்மாள் முக்காலியில் உட்கார்ந்தாள். "நல்லாப் பாரு. என்னயச் சமாதானம் பண்றதுக்காகச் சொல்லாத."

"நாலுக்கு ஏது ஆத்தா வளைவு?" என்றார் ஆசாரி.

லீலா செல்பேசியைப் பிடுங்கி, பென்ஷன்காரரின் விடுவிப்புப் பதிவைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள். "இந்தா... வேலைய விட்டப்புறம் எங்க இருக்கப் போறீருன்னு கேட்டிருக்காங்க. பழனி மலைன்னு போட்டிருக்கு அத்தை! நம்ம மல! இத முன்னமே பாத்தேன். ஆனா நம்பரு தெரியாம எப்படிச் சொல்றது, அந்த ஓடுனவனும் மலையேறி வந்திருக்கலாமேன்னு வாய மூடிட்டு இருந்தேன்... அய்ய."

"என்ன அய்ய?"

"இதத்தான் சரியாப் படிக்கல. தண்டனைன்னு ஒரு பக்கம் முழுக்க இருக்கு."

"என்ன தண்டன?"

"குடி. அப்புறம் குடி. இதுவும் குடி. நன்னடத்தைக்குக் குடுத்த பட்டையப் பறிச்சிருக்காங்க, திருப்பிக் குடுத்திருக்காங்க, மறுபடி பறிச்சிருக்காங்க."

"ஓடுனாருன்னு எங்கயும் இல்லேல்ல?"

"எங்க அத்தை ஓடுறது? மனுசன் நிக்கவே முடியாம இருந்திருக்காரு!"

வீரம்மாளுக்குச் சிரிப்பு வெடித்தது. கண்ணில் நீர் வந்தது, சால்வை நழுவியது, நிறுத்த முடியவில்லை. "எங்கண்ணன் மாதிரியே! ஒங்கப்பன் மாதிரியேடி! நம்ம ஆளுதான், சந்தேகமே இல்ல!"

ஆசாரி அறுத்த வளையத்தை எடுத்தார். "மறுபடி சுத்திப் போட்டுப் பத்த வெச்சுத் தந்துரட்டுமா? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்."

"அது வேணாம்" என்றாள் வீரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தத் தங்கத்துலயே கொக்கி மாதிரி வெச்சுப் பிடிங்க. பேரும் ரெண்டும் வெளிய தெரியணும். அரத்தக் கையில எடுத்தீகன்னா நடக்குறது வேற."

பிறகு புவனாவிடம் கை நீட்டினாள். "என் நாத்தனா கந்தம்மாளுக்குப் போனப் போடு. பூண்டியில இந்நேரம் வீட்டுலதான் இருப்பா."

மணி அடித்தது. மறுமுனையில் இருமல். "நான்தான்" என்றாள் வீரம்மாள்.

"யாரு, மதினியா? என்ன இந்த மஞ்சுல?"

"ஆமா கந்தம்மா. ஞாயித்துக்கெழம வெள்ளனே வந்துரு. பொண்ணுக்குப் பதக்கத்த நீதான் போட்டுவிடணும்."

"எந்தப் பதக்கம் மதினி?"

"அதேதான். வரும்போது கண்ணாடிய மறந்துராத. படிக்க வேண்டியிருக்கு."