பாதி வாசல்

"க்கா, பத்தே நாள். இந்தப் பாதி வாசலை மட்டும் தெளிக்காம வுடுக்கா" என்று மாறன் கேட்டபோது என் கையில் சாணி கரைத்த வாளி இருந்தது. 2001 மார்கழி.

மாறன் என் தம்பி. அப்பா செத்ததும் பத்தாவதோடு நின்றுவிட்டு, சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பணக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கப் போனான். அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் பி.எஸ்ஸி. முடித்தேன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம்.

பை தூக்குகிறவர்களுக்கும் வருஷம் ஒரு போட்டி உண்டு. அந்த முறை ஜெயிக்கிறவனுக்குப் பயிற்சியாளர் வேலை, மாதச் சம்பளம் என்று சொல்லியிருந்தார்கள். தூரமாக அடிப்பதில் மாறனை மிஞ்ச ஆளில்லை. கடைசியில் பந்தைக் குழிக்குள் மெல்லத் தள்ளும்போதுதான் கை நடுங்கும். பழகலாம் என்றால், ஒட்ட வெட்டிய அந்தப் புல்தரையை இவர்களுக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் திறந்துவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் சரிவு எந்தப் பக்கம் என்று இவன் பார்த்துச் சொல்ல வேண்டும், துரைமார்கள் தள்ளுவார்கள்.

அதனால் லீவு போட்டுவிட்டு எங்கள் ஊர் வேங்கிக்காலுக்கு வந்தான். கையில், யாரோ தூக்கிப்போட்ட, பந்தைக் குழிக்குள் தள்ளுகிற தட்டைத்தலைக் கோல் ஒன்று, நாலு பந்து. வாசலில் ஒரு டம்ளரைப் புதைத்துக் குழியாக்கினான்.

"காஞ்ச தரை அந்தப் புல்லு மாதிரியே ஓடுதுக்கா. ஈரமானா பந்து செத்துடுது."

அம்மா விடியும் முன்னே கலெக்டர் ஆபீஸ் பெருக்கப் போய்விடுவாள். வாசல் என் பொறுப்பு.

"மார்கழியில வாசல் காஞ்சி கெடந்தா சாவு வுழுந்த வூடான்னு கேப்பாங்கடா."

"இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு காலேஜ்ல பேசி கப்பு வாங்கினது யாரு?"

"பொண்ணு பாக்க வர்றவன் வாசலைத்தான் பாப்பான். கப்பையா பாப்பான்?"

சிரித்தான். "சரி, மாமா மொதல்ல வரட்டும். நான் கொஞ்சம் ஓங்கித் தட்டிக்கிறேன்."

முழு வாசலும் தெளித்தேன். டம்ளரைச் சுற்றி வளைத்துக் கோலம் போட்டேன். அதையே பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டேன். பத்து நாளும் ஈரத்தில் ஓங்கித் தட்டினான். கடைசி நாள் நூற்றுக்குத் தொண்ணூறு உள்ளே போனது.

போட்டியில் கடைசிக் குழிக்கு நாலடி தூரம். அது விழுந்தால் முதல் இடம். கை நடுங்கவே இல்லையாம். பந்து குழி விளிம்பை உரசிக்கொண்டு தாண்டி ஓடியிருக்கிறது. இரண்டாம் இடம். ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அதை அவனே ஆணியடித்து மாட்டினான்.

"கை நம்ம வாசலுக்குப் பழகிடுச்சுக்கா."

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தொலைத்திருப்பேன். மாசியில் குவைத்துக்குக் கட்டட வேலைக்குப் போனான். கோலை எடுத்துப் போகவில்லை.

திங்கட்கிழமை மட்டும் புல்தரையைத் திறந்துவிட்டவர்கள் நாசமாகப் போகட்டும். ஆனால் வாளியைத் தூக்கியது யார்? நம்பிக்கைகூட இல்லாமல், நாலு பேர் வாய்க்குப் பயந்து?

அடுத்த மார்கழி முதல் நாள், பாதி வாசல் மட்டும் தெளித்தேன். எதிர்வீட்டு ஜோதியம்மாள் உடனே கேட்டாள்: "என்னாடி கீதாஞ்சலி, அந்தப் பக்கம் காயுது?"

"காயட்டுங்க."

டம்ளர் அங்கேயேதான் இருந்தது. வாய்வரை மண் மூடியிருந்தது. உட்கார்ந்து மண்ணை விரலால் நோண்டி எடுத்தேன். மண்ணுக்கு அடியில் போன வருஷத்துக் கோலமாவு கட்டிதட்டிப் போயிருந்தது.