கிடங்குக்குள் மட்டும் இருட்டு

வெயில் கொளுத்தும் முற்றத்தில், இருபதடி தள்ளியிருக்கும் பெட்டியின் எண்ணைப் பிசகாமல் படித்துவிடுவான் அந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். வண்டியைக் கிடங்குக்குள் திருப்பினாலோ எதிரே நிற்கும் தூண் தெரியாது. மற்றவர்களுக்குச் சில நிமிடத்தில் பழகிவிடும் அரையிருட்டு, அவனுக்கு அரை மணி நேரமானாலும் விலகாது. கண்ணாடிக் கடையில் எல்லா எழுத்தையும் படித்துக் காட்டினான். தினம் இரண்டு கேரட் தின்றான். பலனில்லை.

அன்று மூன்றாவது தடவையாக அலமாரியில் மோதினான்.

"என்ன மாப்ள, காலையிலயே ஊத்திக்கிட்டியா?" என்று கத்தினார் மேற்பார்வையாளர். அவன் அக்காவின் கணவர்.

"நான் குடிக்கிறதில்ல மாமா."

"உன்னை உள்ள சேத்துவிட்டேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்! இன்னிக்கே உன் சீட்டைக் கிழிக்கிறேன்."

மருத்துவ அறைக்கு இழுத்துப் போனார். நர்ஸ் நீட்டிய கருவியில் ஊதினான். பூஜ்யம். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அவன் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பாவோடு ஒரு பாட்டிலும் உருண்டது.

"இதோ சரக்கு! முழிக்கிறான் பாருங்க!"

நர்ஸ் முகர்ந்தார். வாசனையே இல்லை. லேபிளைப் படித்தார்: லிக்விட் பாரஃபின்.

"எதுக்கு இது?"

"மலச்சிக்கல். வண்டிக்கு ஆயில் விடற மாதிரி, சாப்பாட்டோட ரெண்டு வேளையும் நாலு ஸ்பூன். ரெண்டு வருஷமா."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல. கிடங்குக்குள்ள வந்தா மட்டும் கண்ணு தெரியல. அதுக்குத் தினம் ரெண்டு கேரட் திங்கறதும் நானாத்தான்."

"நீயே டாக்டர்! ரெண்டு பேரும் வாயை மூடிட்டுக் கேளுங்க. மங்கல் வெளிச்சத்துல பாக்கறதுக்குக் கண்ணுக்குள்ள பின்பக்கம் ஒரு சாயம் இருக்கு. வெயில் பட்டா வெளுத்துடும். இருட்டுல உடம்பு அதை மறுபடி செய்யும். செய்யறதுக்கு வைட்டமின் ஏ வேணும். அது எண்ணெயில கரையற சத்து. பாரஃபின் உடம்புல சேராத எண்ணெய். கேரட்ல இருக்கறதையெல்லாம் தனக்குள்ள கரைச்சுக்கிட்டு அப்படியே வெளிய போயிடும்."

"அப்ப ரெண்டு வருஷமா இவன் கக்கூஸுக்குத்தான் கண்ணு குடுத்திருக்கான்!" என்றார் மாமா.

"நீங்க பேசாதீங்க. ரத்தப் பரிசோதனை வர்ற வரைக்கும் சீட்டுல கை வைக்கக் கூடாது."

பரிசோதனையில் வைட்டமின் ஏ மிகக் குறைவு. பாரஃபினை நிறுத்தினான். தண்ணீரையும் நடையையும் கூட்டினான். டாக்டர் எழுதிய மாத்திரையை, எழுதிய அளவு மட்டும், எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு விழுங்கினான். கண் தேறும் வரை வண்டி முற்றத்தில் மட்டும் ஓடியது. நான்காவது வாரம் கிடங்குக்குள் ஓட்டினான். தூண் தெரிந்தது. பக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்ற மாமாவும் தெரிந்தார்.