நாண் இறங்காத வில்

டெல்மரின் வலது தோள் போன வருஷம் கிழிந்தது. மானை இழுக்கப் போய்க் கிழிந்திருந்தாலாவது வெளியே சொல்லிக்கொள்ளலாம். கொட்டகைக் கதவைத் தள்ளும்போது கிழிந்தது. தைத்து அனுப்பினார்கள். அதன் பிறகு அவனால் வில்லைப் பாதிகூட இழுக்க முடியவில்லை. பதினைந்து வயதிலிருந்து அக்டோபர் என்றால் அவனுக்கு மான் வேட்டைக்கு ஓக் மரத்தில் கட்டிய பரண்தான். பரண் இல்லாத அக்டோபரை அவன் கண்டதில்லை.

குறுக்குவில்லுக்குத் தோள் வேண்டாம்; கைப்பிடியைச் சுற்றி நாணேற்றி, துப்பாக்கி போல விசையை அமுக்கி எய்யலாம். விஸ்கான்சின் மாநிலச் சட்டம் அதற்கு எப்போதோ வழி விட்டுவிட்டது. ஆனால் டெல்மரின் வேட்டைக் கழகத்துக்குச் சொந்தக் காடு, சொந்த விதி, சொந்தப் பிடிவாதம். மொத்தம் ஒன்பது பேர். அதில் முதல் பிடிவாதக்காரன் ஆர்லன், டெல்மரின் மனைவிக்குத் தம்பி. குறுக்குவில் பேச்செடுத்தாலே அவன் ஒன்றையே சொல்வான்: "உக்காந்த எடத்துல விசைய அமுக்குறது வில் வேட்டையாய்யா? துப்பாக்கிக்கு ஒரு கயித்தக் கட்டி எடுத்துட்டு வா, போதும்."

குறுக்குவில்லைக் கழகக் காட்டில் விடலாமா என்று ஓட்டெடுப்பு, ஞாயிறு மதியம். அன்று காலை டெல்மர் மருமகனின் பழைய குறுக்குவில்லோடு பக்கத்துப் பண்ணைக்காரரின் காட்டில் உட்கார்ந்திருந்தான். மான் ஒன்றும் வரவில்லை. கிளம்பும்போது அம்பைக் கழற்றி அம்புக்கூட்டில் செருகினான், வில்லைக் கயிற்றில் கட்டி இறக்கினான், கோட்டில் சுற்றி வண்டியில் போட்டான். எல்லாம் நாற்பது வருஷப் பழக்கம். கை வில்லில் அம்பை எடுத்துவிட்டால் அப்புறம் அது வெறும் குச்சி.

குறுக்குவில் அப்படியல்ல. அம்பை எடுத்த பிறகும் நாண் இழுத்தபடியே நிற்கும். அதை இறக்க ஒரு மொண்ணை அம்பை வைத்து மண்ணில் எய்துவிட வேண்டும். மருமகன் இரண்டு தடவை செய்து காட்டியிருந்தான்.

கழகக் கொட்டகையில் மான்கறிச் சாசேஜும் காப்பியும் ஓடிக்கொண்டிருந்தன. டெல்மர் காட்டக் கொண்டுவந்த வில் கைமாறிக் கைமாறி ஆர்லனின் மடிக்கு வந்தது. நாண் நிற்கும் இடத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். ஆனால் அந்த அறையில் அதைப் பார்க்கத் தெரிந்தவர் யாருமில்லை. ஆர்லன் விசையைப் பூட்டித் திறக்கும் பின்பக்கப் பொத்தானை முன்னும் பின்னும் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தான்.

ஆபத்தில்லையா என்று தலைவர் ஹார்லி கேட்டார்.

"அம்ப எடுத்துட்டா அவ்வளவுதான்," என்றான் டெல்மர். "எந்த வில்லையும் போலத்தான்."

சொல்லி முடித்தபோது அவன் கண் மேஜையில் கிடந்த அம்புக்கூட்டில் விழுந்தது. மொண்ணை அம்பின் முனை பளபளவென்றிருந்தது. துளி மண் இல்லை.

ஆர்லனின் இடது கையைப் பார்த்தான். வில்லைப் பிடித்துப் பழகிய கை. கட்டைவிரல் நாண் ஓடும் தடத்தின் குறுக்கே சுகமாகப் படுத்திருந்தது. விசை அமுங்கினால் நாண் அதன் மேல்தான் பாயும்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், ஒன்பது பேர் நடுவில் நாணேற்றிய வில்லைச் சுற்றவிட்டவன் என்று ஆகிவிடும். ஆர்லன் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடும். அக்டோபர் போய்விடும்.

சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார் ஹார்லி. டெல்மரோடு சேர்த்து நான்கு கைகள் எழுந்தன. ஐந்து வேண்டும். ஓட்டு முடியட்டும், உடனே சொல்லிவிடலாம் என்று டெல்மர் நினைத்தான். அரை நிமிஷம் கூட ஆகாது.

ஆர்லன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு, யாருமே எதிர்பாராமல், வலது கையைத் தூக்கினான்.

"பரண் இல்லன்னா இவன் வீட்டுலயே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்," என்றான். "எங்கக்கா பாவம்யா."

சிரித்தார்கள். ஹார்லி மேஜையைத் தட்டினார். டெல்மர் வாயைத் திறந்தான்.

தூக்கிய கை இறங்கி நேராக விசைக்குத்தான் போனது. ஆர்லன் வில்லைத் தோளில் வைத்து, சுவரில் மாட்டியிருந்த மான் தலையைக் குறி பார்த்தான்.

"ஆர்லன், அத வை..."

காய்ந்த கிளை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது.

வண்டியை டெல்மர்தான் ஓட்டினான். ஆர்லன் துண்டு சுற்றிய கையை நெஞ்சோடு வைத்திருந்தான். கட்டைவிரல் ஐஸ் நிரப்பிய காப்பிக் குவளையில், அவன் முழங்கால்களுக்கு நடுவே இருந்தது.

"எப்பத் தெரிஞ்சுது ஒனக்கு?" என்று கேட்டான் ஆர்லன்.

"அப்பத்தான். அந்த நிமிஷம்தான்."

ஆர்லன் குவளையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

"நான் கை தூக்குனப்ப எல்லாரும் அந்தக் கையப் பாத்தாங்க, டெல்," என்றான். "நீ மட்டும் இந்தக் கையப் பாத்துக்கிட்டு இருந்த."

டெல்மர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தினான். ஆஸ்பத்திரிக்கு இன்னும் இருபது மைல் இருந்தது.