முகாமில் கொடுத்த சீட்டு

தங்கராசு மச்சானுக்கு நான் தர வேண்டியது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து இருபத்தாறு பாட்டில், ஒன்று தொண்ணூறு. மாதம் ஒன்றாக இரண்டு வருஷத்துக்கு மேல் வாங்கிக் கொடுத்தார். காசு கேட்டதில்லை. "அதுக்கென்னா மாப்ள, கண்ணு முக்கியம்" என்பார்.

அவர் என் மனைவி தமிழ்ச்செல்வியின் அண்ணன். சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு ஆள் விடும் மேஸ்திரி. அங்கே பவுடரை மூட்டையில் அடைப்பது என் வேலை. மணல் விழுந்த மாதிரி கண் உறுத்தும், சிவக்கும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். மருந்து விட்டால் சிவப்பு போகும். சாயங்காலம் திரும்ப வந்துவிடும்.

போன வருஷம் நாற்பத்தாறு வயதில் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். நாலு வரி படிப்பதற்குள் எழுத்தெல்லாம் கலங்கிவிடும். இப்போதுதான் படிக்கக் கற்றேன், அதற்குள் கண் போய்விடுமோ என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் சிதம்பரத்தில் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

டாக்டர் காயத்ரி என் இமையைப் புரட்டி ஓரத்தை அழுத்தினார். பற்பசை மாதிரி வெள்ளையாக வந்தது.

"இது எண்ணெய். தண்ணியாட்டம் வரணும், கெட்டியாயி அடைச்சிக்கிச்சி. அதான் கண்ணு காயுது."

"காயுதா? எனக்குக் கண்ணுல தண்ணியா கொட்டுதும்மா."

"மேல எண்ணெய் இல்லன்னா கண்ணீரு நிக்காது. காயக் காய ஊறும், ஊற ஊற வழியும்."

இமையைப் படம் எடுத்துக் காட்டினார். எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாகக் கோடு கோடாக இருக்க வேண்டுமாம். என் படம் பாதி நாற்று அழுகிப்போன வயல் மாதிரி இருந்தது.

"போன சுரப்பி திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்தலாம். தினம் ரெண்டு வேள சுடுதண்ணி ஒத்தடம், பத்து நிமிஷம். அப்புறம் இமைய நீவி விடுங்க, ஓரத்தத் தொடைங்க. நான் வேற சொட்டு எழுதறேன். நீங்க இப்ப விடற பாட்டில நிறுத்திடுங்க. இது செவப்ப மறைக்கும், அவ்ளோதான். ரெண்டு வருஷம் முன்னாடியே யாரும் பாக்கலியா?"

பார்த்தார்களே. கம்பெனியில் கண் முகாம் நடந்தது. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. எந்தக் காகிதம் வந்தாலும் மச்சானிடம்தான் நீட்டுவேன். அவர் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாருக்குதாம். சொட்டு மருந்து விட்டாப் போதுமாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து ரேஷன் கார்டு வைக்கும் கவரைக் கொட்டினேன். சீட்டு இருந்தது. தமிழில்தான் எழுதியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன்.

'இமை எண்ணெய்ச் சுரப்பி அடைப்பு. தூசியில் வேலை கூடாது. ஒரு மாதத்தில் கண் மருத்துவரிடம் காட்டவும்.'

மூன்று தடவை படித்தேன். நான் தப்பாகப் படிக்கிறேன் என்றுதான் நினைத்தேன். தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவள் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள், ஒத்தடத்துக்கு.

சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு முதுநகரில் மச்சான் வீட்டுக்குப் போனேன்.

"வா மாப்ள! பள்ளிக்கூடம்லாம் போறியாமே, எப்ப கலெக்டராவப் போற?"

சீட்டை நீட்டினேன். "படிங்க மச்சான். சத்தமா."

வாங்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"பவுடரு செக்‌ஷன்ல ஒருத்தனும் தங்கல மாப்ள. நீயும் போயிட்டா கான்ட்ராக்ட்டே போயிருக்கும். சொட்டு விட்டா சரியாயிடும்னு நெனச்சேன்."

"இருபத்தாறு பாட்டிலு வாங்குனீங்களே, ஒரு தடவையாவது சொல்லணும்னு தோணலியா?"

கூலியிலிருந்து எண்ணி மேசையில் வைத்தேன்.

"ஐயோ, எடு மாப்ள. அந்தக் காசக் கணக்குலேருந்து தள்ளிட்டேன்."

"தள்ளாதீங்க. தள்ளுனா என் கண்ணுக்கு வெல குடுத்த மாதிரி ஆயிடும்."

மேசையில் இருந்த அவருடைய கணக்கு நோட்டில் என் பக்கத்தைப் புரட்டினேன். பாட்டிலுக்கு ஒன்றாக என் கைநாட்டு வரிசையாக இருந்தது. அதற்குக் கீழே 'பாக்கி இல்லை' என்று எழுதி, சடையப்பன் என்று கையெழுத்துப் போட்டேன். கண் உறுத்தியது. தேய்க்கவில்லை.

"திங்கக்கெழமையிலேருந்து வேற ஆளப் பாத்துக்குங்க, மேஸ்திரி."