எல்லையம்மனிடம் கேட்ட கேள்வி

எட்டாம் வகுப்பு அறையில் நடந்த கூட்டத்துக்கு ஆறு பேர் வந்திருந்தோம். ஆசிரியர் மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியை வனஜா. அவருக்கு வலப்பக்கம் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி ராணி. எங்கள் ஊர் கோவில்பதாகையில் பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். ஜன்னலோர பெஞ்சில் கோதண்டம், காலை நீட்ட இடமில்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரோரம், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து வந்த கஜபதி. நடு பெஞ்சில் டூவீலர் மெக்கானிக் முகமது ஆசிக். கடைசி பெஞ்சில், மின்விசிறிக்கு அடியில், ஜம்புலிங்கமாகிய நான். குழுவின் தீர்மானங்களையும் கடிதங்களையும் எழுதுவது என் பொறுப்பு. செய்யாற்றில் படித்த காலத்திலிருந்தே பொருள், பார்வை என்று வரிசையாக எழுதிவிட்டால் எனக்கு எதுவும் தெளிவாகிவிடும். அன்று எழுத எழுதக் குழம்பியது.

பொருள் இதுதான். ஆடி மூன்றாம் வெள்ளியன்று எல்லையம்மன் கரகம் ஊரைச் சுற்றி வரும்போது பள்ளி மைதானத்துக்குள் வந்து சற்று நேரம் இறங்கும். மைதானம் கோதண்டத்தின் தாத்தா எழுதிக் கொடுத்த நிலம். சென்ற ஆண்டு கரகம் வந்தபோது மத்தியானத்தோடு வகுப்புகள் நின்றுவிட்டன. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் திருநீறு பூசினார்கள். கஜபதியின் மகள் தீபிகா வேண்டாம் என்றாள்; ஒரு டீச்சர் அவளை எல்லோர் முன்னாலும் திட்டினார். கஜபதி கல்வி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். மேலிடத்திலிருந்து எங்களுக்கு வந்த பதில்: உள்ளூரிலேயே பேசித் தீர்த்துக்கொண்டு, தீர்த்த விதத்தைத் தெரிவிக்கவும்.

கோதண்டத்துக்கு இது சாதாரண விஷயமில்லை. இதுவரை கரகம் எடுத்த அவருடைய அண்ணனுக்கு முட்டியில் ஆபரேஷன். இந்த ஆண்டு முதல் முறையாக இவர் எடுக்கிறார். இவர் தலையில் ஏறிய வருஷமே கரகம் தாத்தா மண்ணை மிதிக்காமல் திரும்பினால், அம்மனுக்கு இவரைப் பிடிக்கவில்லை என்று ஊர் பேசும்.

"எங்க மண்ணு சார் இது. நாங்க குடுத்த எடத்துல எங்க அம்மாவே வரக்கூடாதா? இன்னா நாயம்?"

"குடுத்தது பள்ளிக்கூடத்துக்குங்க," என்றார் கஜபதி. "சாமி கும்பிட வேணாம்னு நான் சொல்லல. பாடம் நடக்கிற நேரத்துல புள்ளைங்கள நிக்க வச்சுப் பூச வேணாம்."

ஆசிக் தலையைச் சொறிந்தார். "மாமே, நாம ரெண்டு பேரும் இங்கதானே படிச்சோம். கரகம் வந்தா எனக்கும் ஜாலிதான். ஆனா துன்னூறு தட்டு வந்தா நான் கக்கூஸ் பக்கம் ஓடிடுவேன். நீ பாத்துகினுதானே இருந்தே."

"நீ கணக்கு வாத்தியாருக்கே அங்கதான் ஓடுவே," என்றார் கோதண்டம். சிரித்தோம். சிரித்த பிறகும் அதே இடத்தில்தான் இருந்தோம்.

"சரி, இதை யார்தான் முடிவு பண்றது?" என்று வனஜா கேட்டார்.

"நாம யாரு முடிவு பண்ண?" என்றார் கோதண்டம். "அவளையே கேப்போம். பூ வச்சுக் கேப்போம். செவப்பு வந்தா உள்ள வரா, வெள்ள வந்தா வரல. அதுக்கப்புறம் நான் வாயத் தொறந்தா ஏன்னு கேளு."

எல்லோரும் கஜபதியைப் பார்த்தோம். "கேட்டுட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்," என்றார். எப்படியும் சிவப்புதான் வரும், அதையும் சேர்த்து எழுதிப் போடலாம் என்று நினைத்தாராம், பிறகு சொன்னார்.

கோயில் எதிரிலேயே. செவ்வரளி ஒன்றையும் நந்தியாவட்டை ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்து, பூசாரி பச்சையப்பன் குலுக்கி அம்மன் முன் போட்டார். ராணி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்தால் வெள்ளை.

"இன்னொரு வாட்டி கேளேன், பச்சையப்பா," என்றார் கோதண்டம்.

"அவ இன்னா கஸ்டமர் கேரா? பதில் புடிக்கலன்னா திருப்பி அடிக்க?"

திரும்பி வந்து உட்கார்ந்தோம். கரகம் உள்ளே வராது என்று எழுத ஆரம்பித்தேன். கஜபதி எழுந்துவிட்டார்.

"எழுதாதீங்க! பூ சொல்லித்தான் பள்ளிக்கூடம் நடக்கும்னா நான் எதுக்குப் புகார் குடுத்தேன்? அடுத்த வருஷம் சிவப்பு வந்தா? ஓட்டுப் போடுங்க. அதுதான் முறை."

"வேணான்னு கேட்டீங்க, வேணான்னே வந்துட்ச்சு. இப்ப இன்னா சார் உங்களுக்கு?" என்றார் ஆசிக்.

ஆனாலும் ஓட்டுப் போட்டோம். பள்ளி விட்ட பிறகு வரட்டும், யாருக்கும் திருநீறு பூச வேண்டாம் என்றார் வனஜா. அதற்கு அவரும் ஆசிக்கும் கை தூக்கினார்கள். "கோதண்டம் மாமா மொகத்தப் பாக்க முடியல," என்று ராணியும் தூக்கினார். நானும் தூக்கினேன். கோதண்டம் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. கஜபதி மட்டும் எதிர்த்தார். தோற்றதும் நிம்மதியாக உட்கார்ந்தார். "இது சரி. இத ஏத்துக்கறேன்."

பேனாவை எடுத்தேன். இப்போது கோதண்டம் எழுந்தார்.

"எழுதாத, அண்ணாத்தே. அவ வரலன்ட்டா. நாலு பேரு கைய தூக்கினா வந்துருவாளா? ஊட்டுக்கு வரமாட்டேன்னவள கையப் புடிச்சு இழுக்கறதா?"

"அட, ஓட்டு விழுந்திருக்குங்க. தாராளமா வாங்க," என்றார் கஜபதி. கரகத்தை உள்ளே அழைப்பவர் அவராகவும், மறுப்பவர் கோதண்டமாகவும் ஆகிவிட்டது. என் தாளில் கோதண்டம் பெயருக்கு மேல் 'வேண்டும்' என்றும் கஜபதி பெயருக்கு மேல் 'வேண்டாம்' என்றும் போட்டிருந்த தலைப்புகளை மாற்றி எழுத வேண்டுமா என்று தெரியாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட் வரைக்கும் வரேன்," என்றார் கோதண்டம். "வெளிய நின்னு, கால்ல தண்ணி வாங்கிகினு போயிடறேன். அவ்ளோதான்." யாரும் மறுக்கவில்லை.

கரகம் வாயிலோடு திரும்பும் என்று ஒரு வரி எழுதினேன். தீர்த்த விதம் என்ற இடத்தில் பேனா நின்றது. பூ என்று எழுதினால் கஜபதி கையெழுத்துப் போடமாட்டார். ஓட்டு என்று எழுதினால் பொய். ஓட்டில் வந்த முடிவு வேறு. பேசி என்றும் எழுத முடியவில்லை. பேசிப் பேசித்தான் இப்படி ஆனது.

கோதண்டம் என் பெஞ்சுக்கு வந்து குனிந்தார். "அம்மா வேணான்னா அப்டின்னு எழுதிடாத. நான்தான் வேணான்னேன்னு எழுது. ராணிம்மா, பச்சையப்பன்கிட்டயும் சொல்லி வை. ஊர்ல கேட்டா நான்தான்."

"ஊர்ல உங்களைத்தானே மாமா திட்டுவாங்க?"

"திட்னா திட்டட்டும். அவளே ஒதுக்கிட்டான்னு சொல்லாம இருந்தா போதும்."

'திரு. கோதண்டம் அவர்கள் தாமாகவே முன்வந்து இவ்வாறு தெரிவித்தார்' என்று எழுதினேன். அது உண்மைதானா என்று எனக்குத் தெரியவில்லை. பொய் என்றும் சொல்ல முடியவில்லை. கஜபதி இரண்டு முறை படித்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, கோதண்டத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள்.

மறுநாள் காலை உறையில் முகவரி எழுதி, பசை தடவி, பள்ளி முத்திரையை மடிப்பின் மேல் அழுத்தினேன். ஆவடி தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட் வரிசையில் நிற்கும்போது, உறையைப் பிரித்து இன்னொரு வரி சேர்க்கலாமா என்று தோன்றியது. எந்த வரி என்று தெரியவில்லை. என் முறை வந்தது; கொடுத்துவிட்டேன்.